படியேறும் லிப்ட்காரர்

கிளறன்ஸ் வேலை முடிந்து வந்துவிட்டார் என்பதை எங்கள் தொடர்மாடியில் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். மாலை ஆறரைக்குக் கீழ்ப்படியில் சப்பாத்துச் சத்தம் கேட்கும். நாலாம் மாடியில் அது நிற்கும். அங்கே வாசலில் உட்கார்ந்து அடுத்த நாள் வடைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் ஸாலிஹ் தலையை நிமிர்த்தாமலே கேட்பார்.

"என்ன லிப்ட்காரர், இன்டைக்கும் நடையா?"

"உடம்புக்கு நல்லது மச்சான்."

"அப்ப அந்தப் பணக்காரன்மாருக்கு ஒடம்பு இல்லையா?"

இந்த மூன்று வரியும் மூன்று வருடமாக மாறவில்லை. பிறகு சப்பாத்து மறுபடி மேலே போகும். ஆறாம் மாடியில் என் கதவைத் தாண்டும்போது மூச்சு வாங்குவது கேட்கும். கிளறன்ஸின் வீடு ஒன்பதாம் மாடி. கீழிருந்து நூற்று அறுபத்திரண்டு படி. வெள்ளவத்தையில் கணக்கு ரியூஷன் எடுக்கிற நானே நூற்றெட்டோடு எண்ணுவதை விட்டுவிடுகிறவன். மிச்சத்தை அவர்தான் சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால் கிளறன்ஸ் உண்மையிலேயே லிப்ட்காரர். முப்பத்தைந்து வருட மெக்கானிக். கடிதங்களில் மின்தூக்கி என்று எழுதுவார்கள். அவர் வாயில் அது லிப்ட்தான். தகப்பன் சூசைதாசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். "அப்பா தூக்கினது சாமான், நான் தூக்கிறது சனம்" என்று கிளறன்ஸ் சொல்லுவார். கழுத்துச் சங்கிலியில் அந்தோனியார் பதக்கத்தோடு ஒரு முக்கோணத் துவாரச் சாவியும் தொங்கும். எந்த லிப்டின் கதவையும் வெளியிலிருந்து திறக்கும் சாவி அது. கொழும்பில் உயரமான கட்டடங்களை விரல்விட்டு எண்ணக்கூடிய காலத்தில், பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். நகரம் வளர வளர அவருடைய வேலையும் மேலே மேலே போனது.

எங்கள் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி 2014இல் திறக்கப்பட்டது. துறைமுகத்தை ஒட்டிய ஒழுங்கைகளில் தகரக் கூரைகளின் கீழ் இருந்த எங்களைக் கிளப்பி, பன்னிரண்டு மாடியில் அடுக்கி வைத்தார்கள். இரண்டு லிப்ட். ஒன்று இரண்டாம் வருடமே கண்ணை மூடியது. மற்றது 2018 நத்தார்ப் பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கையில், ஏழாம் மாடி பிறிஜெற்றின் புதுக் குளிர்சாதனப் பெட்டியோடு ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றது. கிளறன்ஸ்தான் பெட்டியை மீட்டார். பிறகு இரண்டு தடவை அந்த லிப்டைச் சொந்தக் கையால் ஓடவும் வைத்தார். மூன்றாம் தடவை மோட்டர் எரிந்துவிட்டது. அது மட்டுமல்ல, அரசாங்கத்தின் பராமரிப்புக் கந்தோரிலிருந்து வந்து மேலே இயந்திர அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அனுமதியில்லாத ஆள் உள்ளே போனாராம். அதற்குப் பிறகு எந்தக் கடிதம் போட்டாலும் ஒரே பதில்தான்: கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.

கிளறன்ஸ் வேலை பார்த்தது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் நாற்பத்துநான்கு மாடிக்கு எழும்பிய கண்ணாடிக் கட்டடத்தில். அங்கே ஆறு லிப்ட். நாலு, குடியிருப்பவர்களுக்கு. ஐந்தாவது, சாமானுக்கும் வேலையாட்களுக்கும். மற்ற லிப்டுகளைத் திருத்தப் போகிற கிளறன்ஸும் அந்த ஐந்தாவதில்தான் ஏறவேண்டும். ஆறாவது லிப்ட் ஒரே ஒரு மனிதருக்கு. மேல் இரண்டு மாடியையும் வைத்திருந்த தில்லைநாதனுக்கு. உள்ளே உட்காரத் தோல் போட்ட வாங்கு, ஆளுயரக் கண்ணாடி, மல்லிகை வாசம். கீழிருந்து உச்சிக்கு ஐம்பது விநாடி.

தில்லைநாதனின் தகப்பன் காலி வீதியில் ஆணியும் பெயின்றும் விற்ற மனிதர். மகன் காலத்தில் அது போத்தல் தண்ணீர், கொள்கலன், காப்புறுதி, ஹோட்டல் என்று பரவி, நாங்கள் காலையில் பல் விளக்குவதிலிருந்து பொழுதுபட நுளம்புச்சுருள் கொளுத்துவது வரைக்கும் அவரைத் தொடாமல் முடியாது என்று ஆகியிருந்தது. கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் மிஸ்டர் தில்லை. அவருக்கு பிஸ்கட் என்று ஒரு வெள்ளை நாய்.

அந்த நாயை எங்கள் தொடர்மாடியே அறியும். கிளறன்ஸின் மனைவி கொன்ஸ்ரன்ஸ் பொறாமைக்காரி அல்ல. பள்ளிக்கூட யூனிபோர்ம் தைப்பவள். ஒருவர் நல்லாயிருந்தால் சந்தோஷப்படுகிறவள். ஆனால் பிஸ்கட்டின் கதை மட்டும் அவளுக்குத் தொண்டையில் நின்றது. "ஒரு படி எண்டால் என்னெண்டு தெரியாத நாய்" என்பாள், அரிசி மூட்டையை எட்டாம் மாடியில் இறக்கி வைத்துவிட்டு. "நாங்கள் இஞ்சை நாக்குத் தள்ளுறம். அது அங்கை லிப்டிலை போகுது."

அப்போது அது பகிடிதான். 2022 வந்தபோது பகிடி போய்விட்டது.

காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை. ஸாலிஹ் வடைச்சட்டிக்கு மண்ணெண்ணெய் தேடி மூன்று நாள் பிளாஸ்ரிக் கானோடு வரிசையில் நின்றார். வரிசையில் நிற்கிறவனுக்குக் கதைப்பதைத் தவிர என்ன வேலை? யார் எத்தனை வீடு வாங்கினான், யார் எந்த நாட்டில் காசு வைத்திருக்கிறான், யாருடைய பிள்ளை எந்தப் பிளேனில் போனான் என்று சனம் கதைத்துக் கதைத்துச் சூடேறியது. பொழுதுபட்டால் எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெற்கே கரையோரம் முழுக்க இருட்டு. நடுவில் அந்தக் கண்ணாடிக் கட்டடம் மட்டும் ஜெனரேட்டரில் ஜெகஜோதியாக நிற்கும்.

"உங்கட ஆள் லைட் போட்டுட்டார்" என்று யாராவது கிளறன்ஸைப் பார்த்துச் சொல்லுவார்கள். பூசை முடிந்து வரும்போது இரண்டாம் மாடி புளோறன்ஸ் கேட்டாள்: "ஒரு நாளைக்கு அவங்கட லிப்டையும் நிப்பாட்டிப்போட்டு வாருமன், பாப்பம்." முதலில் கிளறன்ஸ் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. ஸாலிஹின் வாசலில் நின்று கண்ணாடிக் கட்டடத்துக் கதைகள் சொல்லும் வழக்கத்தையும் விட்டார். தானே ஏதோ களவில் கூட்டுச் சேர்ந்தவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு படியேறினார்.

இதற்குள் இரத்தினம்மாவையும் சொல்லவேண்டும். பதினோராம் மாடி. எழுபத்தொரு வயது, தனிக்கட்டை. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மொழியிலும் தட்டச்சு அடிக்கும் விரல்கள் நன்றாக இருந்தன, முழங்கால்தான் போய்விட்டது. லிப்ட் நின்ற பிறகு மாதம் இரண்டு தடவை மட்டும் இறங்குவார். ஒரு தடவை விழுந்தபோது நாலு பேர் பிளாஸ்ரிக் கதிரையோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதோடு இரத்தினம்மா இறங்குவதையே விட்டுவிட்டார். அதற்குப் பிறகு கிளறன்ஸ் ஒரு பழைய லிப்ட் சில்லைக் கப்பிபோல அவருடைய பல்கனிக் கம்பியில் பொருத்தி, கயிறும் கூடையும் கட்டிக் கொடுத்தார். பாண், பத்திரிகை, மருந்து எல்லாம் அதில் ஏறும். எங்கள் கட்டடத்தில் ஓடிய ஒரே லிப்ட் அந்தக் கூடைதான்.

ஜூன் கடைசியில், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அது நடந்தது.

பஸ் ஓடாததால் கிளறன்ஸ் மூன்று நாளாகக் கண்ணாடிக் கட்டடத்திலேயே தங்கியிருந்தார். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடித்த அந்த ஒரு கணத்தில் ஆறாவது லிப்ட் உதறி நின்றுவிட்டது, முப்பதாம் மாடிக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில். முகாமையாளர் கழுத்துப்பட்டி தோளில் பறக்க ஓடிவந்தார்.

"கிளறன்ஸ்! சேர் உள்ளுக்கு! பயணப் பையோடை, நாயோடை! ரெண்டு மணிக்கு அவருக்கு பிளைற்!"

கிளறன்ஸ் உச்சியில் இருந்த இயந்திர அறைக்கு ஏறினார். பார்த்ததும் விளங்கிவிட்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு மின்சுற்று அட்டை எரிந்திருந்தது. செய்யக்கூடியது ஒன்றுதான்: பிரேக்கைக் கையால் தளர்த்தி, பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாடி மட்டத்துக்குக் கொண்டுவருவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பிரேக்கில், ஒருவர் கீழே கதவடியில். இரண்டாவது மெக்கானிக் பீற்றர் இரத்மலானையில் இருந்தார். தொலைபேசியில் சொன்னதும் சைக்கிளில் வெளிக்கிட்டுவிட்டார்.

இயந்திர அறையிலிருந்து பெட்டிக்குள் கதைக்க ஒரு ரிசீவர் உண்டு. கிளறன்ஸ் அதை எடுத்தார்.

"ஹூ இஸ் திஸ்?" என்றது உள்ளேயிருந்த குரல்.

"கிளறன்ஸ், சேர். லிப்ட் மெக்கானிக்."

"ஹவ் லோங்?"

"இன்னொரு ஆள் வரவேணும் சேர். அம்பது நிமிசம் எடுக்கும்."

இங்கிலிஷ் கழன்று விழுந்தது. தகப்பனின் ஆணிக்கடைத் தமிழ் வெளியே வந்தது.

"அம்பது நிமிசமோ? எனக்கு ரெண்டு மணிக்கு பிளைற் ஐசே! வேணுமெண்டு செய்யிறீரோ?"

"இல்லை சேர். நான் தனிய இழுத்து, பெட்டி மட்டத்துக்கு மேலை போட்டுதெண்டால், நீங்கள் இறங்கேக்கை காலுக்குக் கீழை முப்பது மாடி ஓட்டை."

"சரி சரி. ஆள் வரட்டும்."

"காத்து வரும், பயப்பிடாதேங்கோ. களைச்சால் கீழை இருங்கோ."

மிஸ்டர் தில்லை தரையில் இருந்துவிட்டார். வாங்கில் பயணப் பைகள் இருந்தன. நாய் முனகுவது கேட்டது. நேரம் போகாத இடத்தில் பெரிய மனிதரும் கதை கேட்கிற மனிதராகிவிடுகிறார்.

"வெளியிலை சனம் நிக்குதோ?"

"போகுது சேர். சட்டி பானை தட்டிக்கொண்டு, காலிமுகத்திடல் பக்கம்."

"என்னைப் பற்றியும் சொல்லுறாங்களோ?"

"உங்களைப் பற்றியும் இருக்கும் சேர்" என்று சொல்லிவிட்டுக் கிளறன்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் கோபிக்கவில்லை. "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்டது.

முப்பத்தைந்து வருடத்தில் லிப்டுக்குள் இருந்து ஒருவரும் கிளறன்ஸிடம் கேட்காத கேள்வி. என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்ததைச் சொன்னார்.

"நான் கொட்டாஞ்சேனையிலை ஒம்பதாம் மாடி, சேர். எங்களுக்கு மூண்டு வருசமாய் லிப்ட் இல்லை."

"அப்ப எப்பிடி ஏறுறனீங்கள்?"

"காலாலை, சேர்."

"வயசு போன ஆக்கள்?"

"அவை ஏறுறேல்லை. இறங்குறதுமில்லை."

"ஏன், ஒருத்தரும் திருத்துறேல்லையோ? ஆர் போட்ட லிப்ட்?"

கிளறன்ஸ் கொஞ்சம் யோசித்தார். பூட்டுப் போடுவதற்கு முன் அந்த இயந்திர அறைக்குள் இரண்டு தடவை போனவர். மோட்டரில் அடித்திருந்த பித்தளைத் தகட்டை வாசித்தவர். சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னார்.

"உங்கட கொம்பனிதான் சேர்." பெயரையும் சொன்னார்.

"அப்பிடி ஒண்டு எங்களிட்டை இருக்கோ?"

"தகட்டிலை உங்கட குழுமத்தின்ர பேர் கிடக்கு சேர்."

"இருக்கும், இருக்கும். அறுபதுக்குக் கிட்ட இருக்கு. எல்லாம் ஞாபகம் இல்லை."

பின்னாளில் இதைச் சொல்லும்போது கிளறன்ஸ் இந்த இடத்தில் எப்போதும் நிறுத்துவார். "கோவம் வரேல்லை. சிரிப்புத்தான் வந்தது. என்னட்டை இருக்கிறது ஒம்பது ஸ்பனர். ஒம்பதும் எங்கை கிடக்கெண்டு எனக்குத் தெரியும்." பிறகு தாழ்ந்த குரலில் சேர்ப்பார்: "கோவம் பிறகு வந்தது. வீட்டை வந்து படியேறேக்கை, ஏழாம் மாடியிலை."

பீற்றர் வியர்த்துக் கொட்டி வந்து சேர்ந்தார். பத்து நிமிடத்தில் பெட்டி முப்பதாம் மாடியில் அங்குலம் பிசகாமல் வந்து நின்றது. முதலில் நாய், பிறகு பைகள், பிறகு மிஸ்டர் தில்லை. சேர்ட் ஈரமாக ஒட்டியிருந்தது. சாமான் லிப்டில் ஏறிக் கீழே போனார். அந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து அவர் ஐந்தாவது லிப்டில் ஏறியது அன்றைக்குத்தான். பிளைற்றையும் பிடித்துவிட்டார்.

கதை கொட்டாஞ்சேனைக்குக் கிளறன்ஸுக்கு முன்னமே வந்துவிட்டது. காவல் வேலை பார்த்த ஒருவர் ஒரு உறவினருக்குச் சொல்ல, அது வரிசை வரிசையாக ஏறி, எங்கள் கட்டடத்தை அடையும்போது கிளறன்ஸ் அந்தப் பணக்காரனை நாலு மணித்தியாலம் அடைத்து வைத்திருந்தார் என்று ஆகியிருந்தது. இரண்டாம் மாடியில் கைதட்டினார்கள். மூன்றாம் மாடியில் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார்கள். நாலாம் மாடியில் ஸாலிஹ் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

"ஏன் மச்சான் வெளியே வுட்டாய்?"

"ஸாலிஹ், அது மனிசன். நாயும் இருந்தது."

"நாய மட்டும் வுட்டிருக்கலாம்" என்றார் ஸாலிஹ், சிரிப்பை அடக்க முடியாமல்.

கிளறன்ஸ் எத்தனை தடவை உண்மையைச் சொன்னாலும் ஒருவருக்கும் ஐம்பது நிமிடம் போதவில்லை. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. ஒன்பதாம் மாடியில் கொன்ஸ்ரன்ஸ் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கோ. தனிய இறக்கியிருக்கலாம்தானே? நீங்கள் முந்தியும் தனியச் செய்தனீங்கள்."

கிளறன்ஸ் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். "முதல் பத்து நிமிசம் சட்டத்துக்காகத்தான் இருந்தனான். பிறகு... கதை நல்லாய்ப் போச்சுது."

கண்ணாடிக் கட்டடத்து நிர்வாகமும் கொன்ஸ்ரன்ஸ் கேட்டதையே கேட்டது, கடிதத்தில். ஏன் ஐம்பது நிமிடம்? விசாரணையில் பீற்றர் விதிப்புத்தகத்தை மேசையில் விரித்து வைத்தார். குற்றம் ஒன்றும் பிடிக்க முடியவில்லை. ஆனாலும் கிளறன்ஸை வேலைக்கு வைத்திருந்த லிப்ட் கொம்பனி அவரை அங்கிருந்து எடுத்து, இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையின் சாமான் லிப்டுக்கு அனுப்பியது. இன்னும் தூரம், இன்னும் பஸ் இல்லை. அந்த ஜூலை மாதம் நாடே தெருவில் நின்றது. கிளறன்ஸ் சைக்கிளில் போய்வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரத்தினம்மாவின் கூடைக் கயிறு சிக்கிக்கொண்டது. எடுத்துவிடப் போன கிளறன்ஸ், பேச்சோடு பேச்சாகத் தகட்டின் கதையையும் சொன்னார். இரத்தினம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, அந்தத் தகட்டைப் பற்றி இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன அக்கா? பெரிய இடம். அவரிட்டை ஒருக்கால் கெஞ்சிக் கேட்டுப் பாக்கலாமெண்டு கொன்ஸ்ரன்ஸ் சொல்லுறாள். ஒரு கடிதம் எழுதித் தாறீங்களோ?"

"கெஞ்சுற கடிதம் நான் எழுதமாட்டன். நாப்பது வருசம் கோர்ட்டிலை இருந்தனான். கேள்வி கேக்கிற கடிதமெண்டால் எழுதுவன்."

எழுதினார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தொடர்மாடிக்கு லிப்ட் வாங்கிய ஒப்பந்தத்தின் பிரதி வேண்டும் என்று, மூன்று மொழியிலும், பராமரிப்புக் கந்தோருக்கு. ஒரு மாதம் பதில் இல்லை. மேன்முறையீடு எழுதினார். மறுபடி இழுத்தடித்தார்கள், மறுபடி எழுதினார். நொவெம்பரில் தடித்த உறையொன்று வந்தது. கூடையில் ஏறியது.

அன்று மாலை படியேறக்கூடிய எல்லாரும் பதினோராம் மாடிக்கு ஏறினோம். இரத்தினம்மா வாசித்தார். லிப்ட் இரண்டையும் அந்தக் கொம்பனியே பத்து வருடம் பராமரிக்க வேண்டும்; பழுதானால் மோட்டர் உட்பட மாற்றிக் கொடுக்க வேண்டும்; அதற்கான பணம் முழுக்க அரசாங்கம் 2014இலேயே கொடுத்துவிட்டது. கொம்பனி பிறகு இன்னொரு கொம்பனிக்குள் கரைந்தது. கந்தோர் அதை மறந்தது. நாங்கள் ஏறினோம், இறங்கினோம்.

கொன்ஸ்ரன்ஸ்தான் முதலில் வாய் திறந்தாள். "நான் இவ்வளவு நாளும் அந்த நாயிலை கோவிச்சனான்" என்றாள். "பாவம், அதுக்கென்ன தெரியும்."

ஒப்பந்தத்தின் பிரதியோடு அடுத்த கடிதம் நேரே குழுமத்தின் தலைமைக் கந்தோருக்குப் போனது. எண்பத்தாறு வீட்டுக் கையெழுத்து. "முப்பதாம் மாடியில் தாங்கள் விசாரித்த விடயம்" என்று இரத்தினம்மா முதல் வரியில் போட்டிருந்தார். அந்த வரி வேலை செய்ததோ, ஒப்பந்தம் வேலை செய்ததோ, யாருக்குத் தெரியும்? 2023 ஜனவரியில் ஆட்கள் வந்தார்கள். பூட்டை உடைத்தார்கள். புது மோட்டர் ஏறியது. உள்ளூரில் அந்த லிப்டின் குணம் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டு, கிளறன்ஸையும் அவருடைய கொம்பனியிலிருந்து மூன்று வாரத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். அந்த மூன்று வாரமும் அவர் படியில் விசிலடித்துக்கொண்டு ஏறினார்.

வேலை முடியும் தறுவாயில் குழுமத்தின் விளம்பரப் பகுதியிலிருந்து ஒரு பெண் பனர் துணியோடு வந்தாள். மிஸ்டர் தில்லையின் படம், மலர்ந்த முகம், கீழே மூன்று மொழியிலும்: கொட்டாஞ்சேனை மக்களுக்கு எமது அன்பளிபு.

அந்த வாசகத்தை ஒரு துண்டில் எழுதிக் கூடையில் ஏற்றினோம்; கூடை இறங்கியபோது அதே துண்டில் இரத்தினம்மாவின் கருத்து வந்தது: முதலில் 'ப்' போடவும். பிறகு அந்தச் சொல்லையே எடுக்கவும்.

"இட்ஸ் ஜஸ்ட் எ வேர்ட்" என்றாள் அந்தப் பெண்.

"ஒரு சொல்லுத்தானே பிள்ளை, அப்ப எடுத்துவிடலாம்" என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

ஆனால் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஸாலிஹ் கத்தினார்: "என்ன வேணும்னாலும் எழுதட்டும்! நான் தெனமும் மாவு மூட்ட செமக்கிறேன். எனக்கு லிப்ட் ஓடினாச் சரி!" புளோறன்ஸ் பனரைக் கிழிப்பேன் என்றாள். பிறிஜெற், கிழித்தால் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தாள். எல்லாரும் கிளறன்ஸைப் பார்த்தோம். அவர் கையில் கிறீஸ்.

"பனர் துணி. மோட்டர் இரும்பு" என்றார். "இரும்பு எங்களிட்டை இருக்குது. துணியை என்ன செய்யிறதெண்டு நாளைக்குப் பாப்பம்."

மறுநாள் காலை பத்து மணிக்கு விழா. லிப்ட் வாசலில் சிவப்பு நாடா, பனர், கமரா, மாலை, தட்டில் கத்தரிக்கோல். மிஸ்டர் தில்லை வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வாழ்த்து அனுப்பியிருந்தார். பதினோராம் மாடியிலிருந்து முழங்கால் ஏலாத ஒரு முதிய பெண் முதன்முதலாக லிப்டில் இறங்கி வந்து கண்கலங்குவதைப் படம் பிடிப்பதுதான் திட்டம். கமரா கதவை நோக்கி நின்றது.

வராத பெண்ணை எதிர்பார்த்து எல்லாரும் நிற்கையில், தெருப்பக்கத்திலிருந்து இரத்தினம்மா வந்தார். கையில் சந்தைப் பை, பைக்கு வெளியே சாளை மீனின் வால்கள். கிளறன்ஸ் காலை ஆறு மணிக்கே சோதனை ஓட்டம் என்று லிப்டை ஓடவிட்டிருந்தார். இரத்தினம்மா அப்போதே இறங்கி, மூன்று வருடமாகப் பார்க்காத சந்தையை ஒழுங்கை ஒழுங்கையாகப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"விலகுங்கோ பிள்ளையள், மீன் பழுதாப்போகும்" என்றார். நாடாவைப் பார்த்து, "இதென்ன கயிறு?" என்று கேட்டு, அதைக் கையால் உயர்த்திக் குனிந்து உள்ளே போய்ப் பதினோராம் பொத்தானை அழுத்தினார். பின்னாலேயே மாவு மூட்டையோடு ஸாலிஹ். அதற்குப் பின்னால் துணிக்கட்டோடு கொன்ஸ்ரன்ஸ். ஒருவரும் கமராவைப் பார்க்கவில்லை. ஒருவரும் கண்கலங்கவில்லை. எண்பத்தாறு வீட்டுச் சனமும் ஏதோ பிறந்ததிலிருந்து லிப்டில் போய்வந்தவர்கள் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். விளம்பரப் பகுதிப் பெண் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, அவளும் நல்ல பிள்ளைதான், சிரித்துவிட்டு நாடாவையும் பனரையும் தானே அவிழ்த்துச் சுருட்டினாள். "என்ர அம்மாவும் மட்டக்குளியிலை ஏழாம் மாடி" என்றாள் கிளறன்ஸிடம் மெதுவாக.

கிளறன்ஸை மறுபடி கண்ணாடிக் கட்டடத்துக்கே எடுத்தார்கள். ஆறாவது லிப்ட் வேறு ஒருவருக்கும் அடங்கவில்லை. ஏப்ரலில் ஒருநாள் அவர் அதன் கதவைத் துடைத்துக்கொண்டிருக்க, மிஸ்டர் தில்லை நாயோடு வந்து உள்ளே ஏறினார்.

"கிளறன்ஸ்தானே? லிப்ட் ஓடுதோ?"

"ஒண்டு ஓடுது சேர்."

"மற்றது?"

"அதுவும் உங்கடைதான் சேர். அடுத்த வருசம் வரைக்கும்."

மிஸ்டர் தில்லை எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதவு சாத்திக்கொண்டது. நன்றாகத் திருத்தப்பட்ட கதவு, காத்து நிற்காது. இரண்டு மாதத்தில் மற்ற லிப்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். இந்தத் தடவை பனர் வரவில்லை.

இதனால் எங்கள் கோபம் தீர்ந்ததா என்றால் இல்லை. நாற்பத்துநான்கு மாடியும் அங்கேயேதான் நிற்கிறது. பக்கத்தில் இன்னொன்று எழும்புகிறது, அதைவிட உயரம். ஆனால் முன்பு மொட்டைமாடியில் நின்று ஏசுவதோடு முடிந்த கோபம் இப்போது வேறு வழியில் போகிறது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு இரத்தினம்மா வீட்டில் கூட்டம். தண்ணீர்ப் பம்பு யார் பொறுப்பு, குப்பை லொறிக்கு எங்கே ஒப்பந்தம், எதைக் கேட்டு எந்தக் கந்தோருக்கு எழுதுவது. புளோறன்ஸ் சிங்களத்தில் எழுதப் பழகிவிட்டாள். ஸாலிஹ் வடை கொண்டுவருவார். கிளறன்ஸுக்குக் கடிதம் எழுத வராது. அவர் குசினிக்குள் நின்று எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றுகிறார், சீனி யாருக்கு எவ்வளவு என்று ஒருவரிடமும் கேட்காமல்.